94-ஐ 99 ஆக்குவதா ஆராய்ச்சி?

“மெஷின் லேர்னிங் வழியாக ஆண்ட்ராய்டு மால்வேரைக் கண்டறிதல்.” எம்.இ. புராஜெக்ட் வைவாவிலும் பிஎச்.டி. சினாப்சிஸிலும் இந்தத் தலைப்பு சலிக்காமல் வந்துகொண்டிருக்கிறது. செய்முறையும் பெரும்பாலும் ஒன்றுதான். ட்ரெபின் என்ற தரவுத்தொகுப்பை இறக்க வேண்டியது. கலைத்துப் போட்டு எண்பதுக்கு இருபது என்று பிரிக்க வேண்டியது. ரேண்டம் ஃபாரஸ்டில் தொடங்கி டீப் லேர்னிங் வரை ஐந்தாறு வழிமுறைகளை ஓட்டி, 99 சதவீதம் என்று ஒரு பட்டை வரைபடம் போட வேண்டியது.

அந்தத் தொகுப்பை உருவாக்கிய ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் குழு, 2014-இல் தன் கட்டுரையில் சொன்ன எண் 94. அதிலுள்ள 5,560 மால்வேர் செயலிகள் 2010 ஆகஸ்டுக்கும் 2012 அக்டோபருக்கும் இடையே திரட்டப்பட்டவை. செயலி ஓடும்போது அனுமதி கேட்கும் முறை ஆண்ட்ராய்டுக்கு வந்ததே 2015-இல்தான். அதற்கு முந்தைய மால்வேரை வைத்து எடுத்த 99, இன்று உங்கள் பையில் இருக்கும் போனைப் பற்றி எதுவும் சொல்லாது. “மாதிரிகள் எந்த வருடத்தவை?” என்று வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், வைவா அங்கேயே தடுமாறும்.

இதற்காக இந்தத் துறைப் பக்கமே வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள், வேறு வாசல் வழியாக வாருங்கள். மால்வேரும் மென்பொருள்தான். அதையும் யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள், பிழை திருத்துகிறார்கள், அடுத்த பதிப்பு விடுகிறார்கள், அடுத்தவர் நிரலைத் திருடிச் சேர்க்கிறார்கள். மென்பொருள் பொறியியல் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கும் கேள்விகளை மால்வேரிடம் கொண்டுபோய்க் கேட்பவர்கள் இன்னும் குறைவு. இடம் காலியாக இருப்பது அங்கேதான்.

ஒரு நல்ல எடுத்துக்காட்டு மாட்ரிட்டில் இருக்கிறது. கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகத்தையும் இம்தியா மென்பொருள் நிறுவனத்தையும் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள், 1975 முதல் 2015 வரை எழுதப்பட்ட 151 மால்வேர்களின் மூல நிரலைத் தேடிப் பிடித்து 2016-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கண்டுபிடிப்பான் எதையும் செய்யவில்லை. எத்தனை வரி, எத்தனை கோப்பு, எத்தனை மொழி, எழுதி முடிக்க எத்தனை ஆள்-மாத உழைப்பு என்று மட்டும் அளந்தார்கள். உழைப்பை அளக்க எடுத்துக்கொண்டது பாரி போம் 1981-இல் வெளியிட்ட கோகோமோ. நம்மில் பலர் செமஸ்டர் தேர்வில் 13 மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்துபோன அதே கோகோமோ. மால்வேரின் அளவும் அதற்கான உழைப்பும் பத்தாண்டுக்கு ஏறக்குறைய பத்து மடங்காகின்றன என்றும், நிரலின் தரம் சாதாரண மென்பொருளின் தரத்தை ஒத்திருக்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள். அடுத்த கட்டத்தில் தொகுப்பை 456 ஆகப் பெருக்கி, எந்த மால்வேர் எதிலிருந்து நிரலை எடுத்துக்கொண்டது என்பதையும் பார்த்தார்கள். கருவி பழையது, பாடத்திட்டத்தில் இருப்பது. கேள்வி புதியது. ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்கள் இந்த ஒரு கட்டுரையை இரண்டு தடவை படித்தால் போதும்.

இந்த வழக்கம் மாட்ரிட்டில் தொடங்கியதும் இல்லை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் மாணவர் ராபர்ட் மாரிஸ் விட்ட புழு, அன்றைய இணையத்தைத் திணறடித்தது. பர்டூ பல்கலைக்கழகத்தின் யூஜின் ஸ்பாஃபோர்டு அதைப் பிரித்துப் படித்து அறிக்கை எழுதினார். எப்படிப் பரவியது என்பதோடு அவர் நிற்கவில்லை. எழுதியவரின் கைத்திறனையே ஒரு கடுமையான ஆசிரியரைப் போலத் திருத்தினார். முடிக்கப்படாத வேலை, பிழைகள் மலிந்தது, தரவுக் கட்டமைப்புகளின் தேர்வு சுமார் என்று மதிப்பெண் போட்டார். மால்வேரை நிரலாக மதித்து வாசித்த ஆரம்பகால அறிக்கைகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் படிக்கச் சுவையானது.

கேள்விகள் எங்கே கிடக்கின்றன?

நிரல் நகல்களைக் கண்டறிதல் மென்பொருள் பொறியியலின் பழைய பாடம். ஆண்ட்ராய்டில் அது மால்வேர்ப் பாடமாகவே ஆனது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் யாஜின் ஜோவும் ஷுஷியான் ஜியாங்கும் 2012-இல் 1,260 மால்வேர் மாதிரிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 86 சதவீதம் நல்ல செயலிகளைப் பிரித்து, நஞ்சைச் சேர்த்து, மறுபடி கட்டியவை என்று தெரிந்தது. அப்படியானால் கேள்வி, எது அசல், எது நகல், இரண்டுக்கும் வித்தியாசம் எந்த வரியில் இருக்கிறது என்பதாகிறது. நிரல் நகல் ஆய்வுக்காரர்களின் சொந்த மண் அது.

அடுத்தது, நிரலை ஓட்டாமலே படிக்கும் கருவிகள். போனின் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் தகவல் எந்த வழியாகப் போய் இணையத்தில் கசிகிறது என்று தொடர்ந்து பார்க்கும் ஃப்ளோட்ராய்டு 2014-இல் வந்தது. அதற்குப் பின் இப்படிப் பல கருவிகள். “இவை வாக்களித்ததைச் செய்கின்றனவா?” என்று ஜெர்மனியின் பாடர்போர்ன் குழு 2018-இல் ஆறு கருவிகளை வரிசையாக நிறுத்திச் சோதித்தது. பல வாக்குறுதிகள் நிறைவேறவில்லை. அந்தச் சோதனைக் கட்டுரை எஃப்எஸ்இ என்ற முதல்தர மாநாட்டிலேயே ஏற்கப்பட்டது. அடுத்தவர் செய்ததைத் திரும்பச் செய்து பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்கும் கைடுகளிடம் இதைக் காட்டலாம்.

இப்போது சூடாக இருப்பது மென்பொருள் விநியோகச் சங்கிலி. 2016-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழக மாணவர் நிக்கோலாய் சாக்கர் தன் இளங்கலை ஆய்வேட்டுக்காக, புகழ்பெற்ற நிரல் தொகுப்புகளின் பெயரை எழுத்துப் பிழையோடு பதிவு செய்து, பைபிஐ, என்பிஎம், ரூபிஜெம்ஸ் தளங்களில் ஏற்றி வைத்தார். தீங்கில்லாத நிரல்தான், நிறுவப்பட்டால் அவருக்கு ஒரு தகவல் மட்டும் வரும். 17,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் அது ஓடியது. இளங்கலை மாணவர் செய்த வேலை இது என்பதை மறுபடி சொல்கிறேன். (அதே முறையை இன்று பின்பற்றச் சொல்ல மாட்டேன். காரணம் கீழே வருகிறது.) 2020-இல் வேறொரு ஜெர்மன் குழு, உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்பட்ட 174 தொகுப்புகளைத் திரட்டி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் விவகாரம் வெடித்தது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லினக்ஸ் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு சுருக்கக் கருவிக்குள் புழைக்கடைக் கதவு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பாக வேலை செய்து நம்பிக்கை பெற்றவர். நஞ்சு, சோதனைக் கோப்புகளிலும் கட்டமைப்பு ஸ்கிரிப்டிலும் பிரித்து ஒளிக்கப்பட்டிருந்தது. அதைக் கிளப்பிவிடும் பகுதி, பொதுவில் தெரியும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தில் உள்ளதும் வெளியிடப்படுவதும் ஒன்றுதானா? புதிதாக வந்து உதவுகிறவரை ஒரு திட்டம் எந்த அடிப்படையில் நம்புகிறது? இவை முழுக்க முழுக்க மென்பொருள் பொறியியல் கேள்விகள். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இவற்றுக்குப் பதில் சொல்லாது.

நிரலை விட்டு மனிதர்களையும் ஆராயலாம். நிரலைப் பிரித்துப் படிப்பவர்கள் எங்கே தொடங்குகிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு 16 வல்லுநர்களிடம் பேசி, அவர்கள் வேலை செய்யும் விதத்தைக் கவனித்து 2020-இல் எழுதிய கட்டுரை, யூசெனிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டில் வந்தது. இதற்கு ஜிபியு வேண்டாம். பொறுமையும் ஒரு நோட்டும் போதும்.

தரவு என்னும் சதுப்பு

மால்வேர் ஆராய்ச்சியில் கட்டுரைகள் சாகும் இடம் தரவுதான். இதில் நிதானமாக நடக்க வேண்டும்.

முதலில் காலம். மாதிரிகளைக் கலைத்துப் பிரித்தால், 2018-இன் மால்வேரை வைத்துப் பயிற்சி கொடுத்து 2016-இன் மால்வேரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கூத்து நடக்கும். நாளைய செய்தித்தாளைப் படித்துவிட்டு நேற்றைய தேர்தலுக்கு ஜோசியம் சொல்வது மாதிரி. டெசராக்ட் என்ற பெயரில் 2019-இல் வந்த ஆய்வு, காலவரிசைப்படி பிரித்தால் பெயர்பெற்ற முறைகளின் எண்கள் எப்படிச் சரிகின்றன என்று காட்டியது. இன்று நல்ல மாநாட்டுக்குப் போகும் கட்டுரையில் மதிப்பாய்வாளர் முதலில் தேடுவது இதைத்தான். 2022-இல் ட்ரெபின் குழுவிலிருந்தே சிலர் மற்றவர்களோடு சேர்ந்து, கணினிப் பாதுகாப்பில் மெஷின் லேர்னிங் பயன்படுத்திய 30 கட்டுரைகளை எடுத்துப் பத்து வகைப் பிழைகளைப் பட்டியலிட்டார்கள். எல்லாமே முதல்தர மாநாடுகளில் வந்த கட்டுரைகள். உங்கள் சினாப்சிஸை அந்தப் பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு மாலை நேரம் போதும்.

அடுத்தது விகிதம். பாதி மால்வேர், பாதி நல்லது என்று தொகுப்பு வைத்திருப்பீர்கள். உலகம் அப்படி இல்லை. 10,000 செயலிகளில் 100 மால்வேர் என்று வையுங்கள். உங்கள் கருவி மால்வேரில் 99 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல செயலியில் 1 சதவீதத்தைத் தவறாகப் பழிக்கிறது. பிடிபட்ட மால்வேர் 99. வீண்பழி சுமந்த நல்ல செயலியும் 99. எச்சரிக்கை மணி அடிக்கும் தடவைகளில் பாதி பொய். இந்தக் கணக்கைக் கட்டுரையிலேயே போட்டுக் காட்டுகிறவரை மதிப்பாய்வாளர் மதிப்பார்.

பிறகு, ‘இது மால்வேர்’ என்று சொன்னது யார்? பொதுவாக வைரஸ்டோட்டல். 2004-இல் ஸ்பெயினின் மலாகாவில் பிறந்து 2012-இல் கூகுள் வாங்கிய தளம். கோப்பு ஒன்றை ஏற்றினால் பல பத்து எதிர்ப்பு மென்பொருள்கள் தீர்ப்புச் சொல்லும். இரண்டு மட்டும் ‘ஆம்’ என்றால் அது மால்வேரா? பத்து சொன்னால்? எல்லைக்கோட்டை நகர்த்தினால் உங்கள் முடிவும் நகரும். ஒரே மால்வேருக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கும் குழப்பமும் உண்டு. பெயர்களைச் சீராக்க ஏவிகிளாஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

மாதிரிகளுக்கு அலைய வேண்டாம். லக்சம்பர்க் பல்கலைக்கழகம் 2016-இல் தொடங்கிய ஆண்ட்ரோஜூ முப்பது லட்சம் செயலிகளோடு ஆரம்பித்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும், கைடையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் பக்கம் எம்பர், சோரெல் தொகுப்புகள் உண்டு. எம்பரில் கோப்புகள் இருக்காது, அவற்றிலிருந்து எடுத்த பண்புகள் மட்டும். சோரெலில் ஒரு கோடி மால்வேர் கோப்புகள் ஓடாதபடி முடக்கித் தரப்பட்டுள்ளன.

நீங்களே ஒரு தொகுப்பைத் திரட்டினால், அதைப் பராமரிப்பது யார் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன 1,260 மாதிரித் தொகுப்பு உலகம் முழுக்கப் பயன்பட்டது. 2015 டிசம்பரில் பகிர்வதை நிறுத்தினார்கள். அறிவித்த காரணம், வசதி போதவில்லை, வேலை செய்த மாணவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள்.

லேபும் சட்டமும்

ஹாஸ்டல் வைஃபையில், சொந்த லேப்டாப்பில், வெறுமனே மால்வேரை ஓட்டாதீர்கள். விர்ச்சுவல் மெஷின், வெளி இணையம் துண்டித்த நெட்வொர்க், ஓட்டும் முன் ஸ்னாப்ஷாட், பகிரப்பட்ட ஃபோல்டர்கள் மூடியிருப்பது, இவை குறைந்தபட்சம். மாதிரிகளைக் கடவுச்சொல் போட்ட ஜிப்பாகவே வைப்பது துறை வழக்கம். ‘இன்ஃபெக்டட்’ என்பதுதான் உலகம் முழுக்க அந்தக் கடவுச்சொல். ரகசியத்துக்காக அல்ல, தவறி யாரும் திறந்துவிடாமல் இருக்க.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றி அவர் கணினிக்குள் வைரஸைப் புகுத்துவதை இழப்பீடு தர வேண்டிய மீறலாக வைத்திருக்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் சேர்ந்தால் அது குற்றமாகி, 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கல்லூரி நெட்வொர்க்கில் உங்கள் மாதிரி தப்பித்து அலைந்தால் முதலில் விசாரிக்கப்படுவது நீங்கள்தான். துறைத்தலைவரின் கையெழுத்தோடு ஒரு அனுமதிக் கடிதம் ஃபைலில் இருக்கட்டும்.

சட்டத்துக்கு மேல் நெறி ஒன்றிருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே ஓட்டை வைத்த திருத்தங்களை லினக்ஸ் கர்னலுக்கு அனுப்பி, பராமரிப்பாளர்கள் பிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். இது மனிதர்கள் மீதான ஆய்வு அல்ல என்று பல்கலைக்கழக நெறிக்குழு சொல்லியிருந்தது. 2021 ஏப்ரலில் கர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே நிறுத்தினார். ஏற்கப்பட்டிருந்த கட்டுரையை ஆசிரியர்கள் திரும்பப் பெற்றார்கள். கேட்காமலே பிறருடைய நேரத்தையும் கணினியையும் சோதனைப் பொருளாக்குவது தவறு என்பதே என் எண்ணமும். ஹாம்பர்க் மாணவரின் முறையை இன்று செய்யாதீர்கள் என்றதற்கும் இதுதான் காரணம்.

கையில் என்ன வேண்டும்?

சி மொழி, கொஞ்சம் அசெம்பிளி, இயங்குதளத்தின் உள்வேலை, பைத்தான். நிரலைப் பிரித்துப் படிக்க கித்ரா போதும். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2019 மார்ச்சில் இலவசமாக வெளியிட்டது. கருவிகளெல்லாம் அடுக்கப்பட்ட லினக்ஸ் வேண்டுமென்றால் ரெம்னக்ஸ். சிகோர்ஸ்கியும் ஹானிக்கும் 2012-இல் எழுதிய ‘பிராக்டிகல் மால்வேர் அனாலிசிஸ்’ பழையதுதான், இருந்தாலும் அதன் லேப் பயிற்சிகளைச் செய்து முடித்தவருக்கும் செய்யாதவருக்கும் வித்தியாசம் பேச்சிலேயே தெரியும்.

இந்தப் படிப்பு எங்கே உதவும் என்றால், கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2019 அக்டோபர் இறுதியில் இணையத்தில் கிடைத்த டிட்ராக் மால்வேர் மாதிரி ஒன்றைப் பிரித்தவர்கள், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் சுருக்கப் பெயரோடு ஒரு கணக்கு விவரம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதைக் கண்டார்கள். நிலையம் முதலில் மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் மால்வேர் இருந்தது உண்மை என்றும், முக்கியமான உள்நெட்வொர்க் அதிலிருந்து தனித்தது என்றும் இந்திய அணுமின் கழகம் அறிக்கை விட்டது. எழுத்துச் சரங்களைப் பொறுமையாகப் படித்த ஒருவரின் வேலை அது.

பணம், பேப்பர், வேலை

நெட் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. இது 2023 ஜனவரி முதல் உள்ள விகிதம், வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000-இல் தொடங்கும்படி வகுக்கப்பட்டது, போட்டி கடுமை. உதவித்தொகை இல்லாமல் முழுநேரப் பிஎச்.டி. சேராதீர்கள். நான்காம் ஆண்டில் வீட்டிலிருந்து வரும் போன் அழைப்புகளை எந்த ஆர்வமும் தாங்காது.

கணினி அறிவியலில் மதிப்பு மாநாடுகளுக்கு. மென்பொருள் பக்கம் ஐசிஎஸ்இ, எஃப்எஸ்இ, ஏஎஸ்இ, எம்எஸ்ஆர். பாதுகாப்புப் பக்கம் யூசெனிக்ஸ் செக்யூரிட்டி, என்டிஎஸ்எஸ், சிசிஎஸ். ஐசிஎஸ்இ 2014-இல் ஹைதராபாத்துக்கே வந்தது. ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் பல ஜர்னல்தான் கேட்கும். யுஜிசி 2022 விதிகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிடும் கட்டாயத்தை எடுத்துவிட்டாலும், பல இடங்களில் உள்விதி அப்படியே இருக்கிறது. மாநாட்டில் போட்ட கட்டுரையை விரித்து எம்பிரிக்கல் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் போன்ற ஜர்னலுக்கு அனுப்பினால் இரண்டு கடனும் தீரும். பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் ‘அக்செப்டட்’ அனுப்பும் ஜர்னல்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அந்தப் பேப்பர் உங்கள் பெயரோடு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வேலைக்குச் சென்னையிலேயே 1991 முதல் இயங்கும் கே7 கம்ப்யூட்டிங் இருக்கிறது, புனேயில் குவிக் ஹீல். அரசுப் பக்கம் செர்ட்-இன், சென்னையில் செட்ஸ். சொந்த நிரலோடு பிறர் எழுதிய ஆயிரம் தொகுப்புகளைச் சேர்த்து விற்கும் எல்லா மென்பொருள் நிறுவனங்களுக்கும் விநியோகச் சங்கிலியைச் சோதிக்க ஆள் தேவைப்படுகிறது. நேர்காணலில் உங்கள் ஆய்வேட்டை யாரும் முழுக்கப் படிக்கப்போவதில்லை. நீங்கள் எழுதிய கருவியை வேறொருவர் இறக்கி ஓட்டினால் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். மாநாடுகளும் 2011-இலிருந்து அதையே பார்க்கத் தொடங்கிவிட்டன. கட்டுரையோடு வரும் நிரலையும் தரவையும் சோதிக்கும் வழக்கம் அந்த ஆண்டு எஃப்எஸ்இயில்தான் ஆரம்பித்தது.

கடைசியாகக் கைடு. சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சார், அல்லது மேடம், போன மூன்று வருடத்தில் உங்கள் மாணவர்கள் எழுதிய நிரல் எங்கே கிடைக்கும்? லேபில் மால்வேர் ஓட்ட தனி மெஷின் உண்டா? மாநாட்டில் கட்டுரை ரிஜெக்ட் ஆனால் என்ன செய்வோம்? மூன்றாவது கேள்விக்கு “மதிப்பாய்வைப் படித்துத் திருத்தி அடுத்த மாநாட்டுக்கு அனுப்புவோம்” என்று பதில் வந்தால் அவரிடம் சேரலாம். மூன்றுக்கும் “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்றே பதில் வந்தால், ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, வேறு கைடைத் தேடுங்கள்.